நான் கேள்விகள்தான் கேட்டேன்

மூளையைப் பற்றி ஐந்து புத்தகம் எழுதியவன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுவான் என்பது எங்கள் குடும்பத்தில் பழைய கேலி, டாக்டர். தொடங்கிவைத்தவள் அக்கா. மருந்துக்கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தும் ஒரு மாத்திரை அட்டையைக்கூட மாற்றிக் கொடுக்காதவள். கேலி செய்ய அவளுக்குத் தகுதி இருந்தது.

மாடியில் படுத்திருக்கும் அவளைப் பற்றி அவளுக்கே தெரியாத ஏதாவது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அத்தான் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கதவை உடைத்து அவளை இங்கே தூக்கிவந்த நாளிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு கண். தவறில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா என்னோடு இருந்தார். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, காலையில் ஒன்று. கூடினால் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து அக்கா ஏழு மணிக்கு வருவாள், மாத்திரையைக் கொடுப்பாள், தண்ணீர் குடித்த டம்ளரை அலமாரியில் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போவாள். கவிழ்ந்திருந்தால் கொடுத்தாயிற்று. நிமிர்ந்திருந்தால் இன்னும் இல்லை. குறிப்பேட்டைவிட எளிமையான ஏற்பாடு. மூன்றாவது புத்தகத்தில் அதைப் பாராட்டியே எழுதியிருக்கிறேன்.

அன்று ஒன்பது மணிக்குத் தாகமாக இருந்தது. அந்த டம்ளரிலேயே தண்ணீர் குடித்து நிமிர்த்தி வைத்தேன். பத்து மணிக்கு அது கண்ணில் பட்டது. அக்கா மறந்துவிட்டாள் என்று நினைத்து அப்பாவுக்கு மாத்திரையைக் கொடுத்தேன். இடது கையில் போன் இருந்தது. படிக்க உட்கார்ந்தால் கவனம் நிற்பதில்லை, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுதிக்கொண்டே கொடுத்தேன்.

அப்பா மூன்றாம் நாள் போய்விட்டார். அட்டையில் ஒரு மாத்திரை குறைந்திருந்தது. மருத்துவமனையில் கேட்டபோது, ஒன்றுதான் கொடுத்தேன் என்றாள் அக்கா. நான் பேசவில்லை. அடுத்த மாதம் என் ஐந்தாவது புத்தகம் வெளிவர இருந்தது. கவனத்தைப் பற்றியது. நீங்களே யோசித்துப் பாருங்கள், அதை யார் வாங்குவார்கள்?

இனி உங்களுக்குப் பிடித்த பகுதி. நினைவு என்பது அலமாரியில் பத்திரமாக இருக்கும் பொருள் அல்ல. எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கும் ஒவ்வொரு முறையும் கை அதைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறது. வைத்த இடம்தான் பழைய இடம் என்று மனம் சத்தியம் செய்யும். அடிக்கடி எடுக்க வைத்தால் போதும்.

அதற்கு உண்மையான ஒரு ஆணி வேண்டும். அன்று அவள் செருப்பு மாட்டிய பிறகு குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். அது நிஜம். மாலைதோறும் அவள் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தாயே, எந்தப் பக்கமாக வந்தாய் என்று கேட்டேன். இரண்டு நாள் விட்டு, அப்பா உன்னைப் பார்த்தாரா என்றேன். அதன்பின், டம்ளர் எப்படி இருந்தது என்று. தெரியவில்லை என்றாள். விடு, கண்ணை மூடி வெறுமனே கற்பனை செய்து பார் என்றேன். அத்தான் செய்தித்தாளை இறக்கினார்.

"ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் மூளையைச் சொல்லித் தர்ற. அவ தூங்கி எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா உனக்கு? செத்தவர் கணக்கை தினமும் எதுக்குக் கிளறுற?"

மனசிலிருந்து வெளியே வந்தால்தானே அத்தான் பாரம் இறங்கும் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் அவளே வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"குடை எடுக்க வந்தப்ப டம்ளர் நிமிர்ந்துதான்டா இருந்துச்சு. மறுபடியும் குடுத்துட்டேன். அப்பா வேண்டாம்னு தலையாட்டினாரு. இப்பக் கண்ணுக்கு முன்னாடி தெரியுது."

தலையாட்டலை நான் சொல்லித்தரவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. அன்று எனக்கு உடல் சிலிர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பொய்யும் சொல்லாமல் கேள்விகளாலேயே இவ்வளவு தூரம் வர முடிந்தது.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. வேலையை விட்டாள். தன் கையால் எடுத்ததைச் சாப்பிட மறுத்தாள். போன மாதம் தன்னையே முடித்துக்கொள்ளப் பார்த்தாள். அவ்வளவு தூரம் போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, டாக்டர். செவ்வாய்க்கிழமை அத்தான் கீழே போன நேரத்தில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, குடுத்தது நான்தான் என்றேன். அவள் முழுவதும் கேட்டாள். என் தலையைத் தடவினாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதடா. நீ சின்னதிலேர்ந்தே இப்படித்தான்."

நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவ்வளவு அன்போடு சொல்பவளிடம் வாதாடுவது கொடுமை.

இப்போது நீங்கள் மாடிக்குப் போய்ச் சொல்லப்போகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தாராளமாகச் சொல்லுங்கள், அவள் பிழைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். என்ன பதில் சொன்னாள் என்பதை மட்டும் ஒரு வார்த்தை மாறாமல் குறித்துக் கொடுங்கள். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அவள் நினைவைப் பற்றிய அத்தியாயம் இன்னும் முடியவில்லை.