எங்கேயும் போகாத விமானம்

அதான் மச்சான், ஊரே தப்பா நினைச்சுக்கிட்டிருக்கு! விமானம்ங்கறது ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்காம். படிச்சவங்களே இப்படிச் சொல்றாங்க, ரொம்ப வருத்தமான விஷயம். போறதுக்கு பஸ் இருக்கு. விமானம், மேல இருக்கறதுக்கு. அவ்வளவுதான்... அந்தக் கதவை அப்படிப் பிடிச்சுக்காத. அது கழண்டு வராது. ஆனா நீ பிடிக்கற பிடியைப் பார்த்தா அதுக்கே சந்தேகம் வந்துடும்.

போன ஞாயித்துக்கிழமை உங்க அக்கா என்ன கேட்டா? "மேல போய் என்ன செஞ்சீங்க?" சுத்தினேன். "அப்புறம்?" இறங்கினேன். "எங்க?" ஏறின இடத்துலயே. உடனே பார்த்தா பாரு ஒரு பார்வை... உனக்குத் தெரியாததா, கூடப் பிறந்தவன்தானே! "என் தம்பி ஒரு தடவை உங்ககூட வரட்டும். இதுல அர்த்தம் இருக்குன்னு அவன் சொன்னா சரி, இல்லேன்னா விமானத்தை வித்துடுங்க"ன்னுட்டா. இப்போ கீழ கிளப் ரூம்ல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டுக் காத்திருக்கா. நீதான் நீதிபதி. நீ என்னடான்னா ஏறினதுலேருந்து வாயே திறக்கல! வாந்தி வர்ற மாதிரி இருந்தா அந்தக் காகிதப் பையை எடுத்துக்கோ. நமக்குள்ள என்ன வெட்கம்?

நாம பேசறது நம்ம ரெண்டு பேர் ஹெட்போன்லதான் கேட்கும், பயப்படாத. ஸ்டியரிங்ல ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்தினாத்தான் டவருக்குப் போகும், கீழ விமான நிலையத்துக்காரங்களுக்கு. அழுத்தியிருக்கற வரைக்கும் அவங்க பேசறது நமக்குக் கேட்காது. எது, இந்த ரப்பர் பேண்டா? அது என் கண்டுபிடிப்பு! எல்லாரும் மேப்பைத் தொடையில கட்டிக்குவாங்க. நான் ஸ்டியரிங்லயே வச்சு இறுக்கிட்டேன், கண்ணுக்கு நேரா. இன்னிக்குக் காலையிலதான் தோணிச்சு. இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் தோணலை பாரேன்!

அர்த்தமாம், அர்த்தம்... வாரம் அஞ்சு நாள் நான் எங்க பார்க்கறேன்? அடுத்தவன் வாய்க்குள்ள. பல் டாக்டர் பொழப்பு அது. ஒரு விளக்கு, ஒரு குகை, நாலு விரல் தூரம். அதுக்கு அப்பால கண்ணு போறதே இல்ல. இப்போ இங்க பாரு... அந்த ஆறு வளையுதே, அதுக்கு அந்தாண்ட மழை. இந்தாண்ட வெயில். ரெண்டும் ஒரே நேரத்துல தெரியுதா? இதுல எனக்கு என்ன கிடைக்குது? ஒண்ணும் இல்ல! அதான் மச்சான் சுகமே. மூக்கைக் கொஞ்சம் தூக்கி இறக்கறேன்... உடம்பு லேசாச்சா? சரி, சரி, நிறுத்திட்டேன். கத்தாத... ஓ, நீ கத்தலையா? அது இன்ஜின்.

ஒண்ணு சொல்றேன், உங்க அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது. ஞாயித்துக்கிழமை பறக்கறதுதானே அவளுக்குத் தெரியும்? சனிக்கிழமை பல் டாக்டர் சங்கக் கூட்டம்னு கிளம்பறேனே... சங்கமாவது, கூட்டமாவது! இதுலதான் இருப்பேன். நேரா எங்க வீட்டு மேல வருவேன். மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருப்பா, இங்கேருந்து ஒரு பல்லு அளவுதான் தெரிவா. ரெண்டு சுத்து சுத்தி இறக்கையை ஆட்டுவேன். அவ கையை ஓங்கித் திட்டுவா. சத்தம் கேட்காது, ஆனா வார்த்தை தெரியும், பதினெட்டு வருஷப் பழக்கமாச்சே! சாயங்காலம் என்கிட்டயே புலம்புவா, "எவனோ வேலைவெட்டி இல்லாதவன் வாராவாரம் நம்ம வீட்டு மேலயே வந்து இரையறான்"னு. "யாரா இருக்கும்?"னு நானும் ரொம்பக் கவலையாக் கேட்பேன். போன மாசம் விமான நிலையத்துக்குப் புகாரே எழுதிட்டா. 'பொறுப்பற்ற நபர்'னு போட்டிருந்தா. 'முற்றிலும்'னு முன்னாடி சேர்த்ததே நான்தான், அழுத்தம் வேணுமில்ல?

ஆனா மச்சான்... கீழ இருக்கறப்ப எங்களுக்குச் சண்டை போடத்தான் நேரம். மேலேருந்து அந்த மாடி, அந்தக் கொடி, கையை ஓங்கிக்கிட்டு அவ... நல்லாத்தான்டா இருக்கு நம்ம வாழ்க்கைன்னு தோணும். இதை எந்த அர்த்தத்துல சேர்க்கறது, சொல்லு?

சரி, இறங்கலாம். டவர், வர்றேன்... பதிலைக் காணோம். ஏறினதுலேருந்தே ஒரு சத்தமும் இல்ல, இப்படியா வேலை பார்க்கறது! அங்க என்ன, டவர் சன்னல்லேருந்து பச்சை விளக்கு காட்டறாங்க? அது ரேடியோ கெட்டுப்போன விமானத்துக்குக் காட்டறதாச்சே. பாவம், எவனோ... வானத்துல வேற யாரும் இல்லையே! என்ன மச்சான், எதைக் காட்டறே? ரப்பர் பேண்டா? அது மேப்பைத்தானே பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு அடியில... அடியில அந்தப் பட்டன்...

ஐயோ. டவருக்குப் போறதெல்லாம் கேட்கற மாதிரி கிளப் ரூம்ல ஸ்பீக்கர் இருக்கு மச்சான்.

*

டாக்டர் ரப்பர் பேண்டை உருவியதும் ஹெட்போனில் அன்று முதன்முறையாகக் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. டவர்காரருடைய குரல் அல்ல. "முதல்ல இறங்குங்க" என்றது.

விமானத்தை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. தம்பியிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை டாக்டர் தம் வீட்டுக்கு மேலே வந்தபோது கொடியில் துணி எதுவும் காயவில்லை. மாடித் தரையில் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தது. அதில் கறுப்பு மையில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரத்தில் எழுதியிருந்தது: 'வரும்போது பால் வாங்கி வரவும்.'