அஹ்தி சொன்ன கருத்துகள்

முதலில் அந்த பன்னைச் சாப்பிடுங்கள். ஏலக்காய் போட்டது, காலையில் நானே சுட்டேன். ஹெல்சிங்கியிலிருந்து இவ்வளவு தூரம் ரயிலில் வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு விசாரித்தால் என்னை உள்ளதைவிடக் கெட்டவளாக நினைத்துவிடுவீர்கள்.

என் வேலை என்னவென்று தலைமை அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. விளையாடுகிறவர்களின் கருத்தைத் திரட்டுவது. 'நம்மில் யார்' வெளியான வாரத்திலிருந்து அதுதான் வேலை. நல்ல விளையாட்டு, நான் சொல்லக்கூடாது என்றாலும் சொல்கிறேன். தினமும் காலையில் செல்போனில் ஒரு கேள்வி வரும். நம்மில் யார் ரயிலைத் தவறவிடுவார்? நம்மில் யார் சமைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பார்? குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைத் தட்டுவார்கள். மாலையில் யாருக்கு எத்தனை பேர் என்று முடிவு வரும். யார் தட்டியது என்பது மட்டும் வராது.

சிக்கல் விளையாட்டில் இல்லை, நம் ஜனங்களிடம் இருந்தது. இந்தத் தம்பெரே ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வீடு பற்றி எரிந்தாலும் 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு' என்பார்கள். ஒருவரை உட்கார வைத்து, விளையாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றார். குறிப்பாக எது பிடித்தது என்றேன். காபியைக் கலக்கிக்கொண்டே நெடுநேரம் யோசித்துவிட்டு, "மோசமில்லை" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் இவ்வளவு புகழ்ந்ததில்லை என்று அவர் மனைவி வாசல்வரை வந்து என் காதில் சொன்னாள்.

எங்கள் மேலாளர் யொவாகிம் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "'பரவாயில்லை'யை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, மிர்வா? ஒருத்தராவது மனசைத் திறந்து ஏதாவது சொல்லக் கூடாதா? அழட்டும், திட்டட்டும். எனக்கு உசுருள்ள பேச்சு வேணும்." இதை அவர் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயம். நான் கொண்டுவந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு சின்ன சௌனா சங்கம் உண்டு. எட்டுப் பேர். அடுப்புச் சூடேறிய மர அறையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்துவிட்டு, உறைந்த ஏரியில் வெட்டிய குழியில் இறங்கி எழுவோம். மனிதர்கள் உண்மை பேசுகிற இடம் அது, துணியும் கிடையாது, பதவியும் கிடையாது. அதனால் அவர்களையே விளையாட்டில் சேர்த்துவிட்டேன்.

அஹ்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மனைவி இறந்த பிறகு அவருக்கு இந்தச் சங்கம்தான் வீடு. எல்லோருக்கும் முன்னால் வந்து அடுப்பை மூட்டுவார். மேல் பலகையில் அமர்ந்து அடுப்பின் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பியபடியே பஸ் குரலில் அறிவிப்பார். "அடுத்த நிறுத்தம் ஏரி! இறங்குறவங்க துண்டை மறக்காதீங்க. மறந்தா வண்டி திரும்பாது!"

மருந்துக்கடை கைசு அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். "ஏன் அஹ்தி, வாயை மூடிக்கிட்டா உங்களுக்கு வேர்க்காதா?"

"நான் வாயை மூடுனா நீ தூங்கிடுவே. தூங்குற பயணியை டிப்போவுக்குத்தான் கொண்டுபோவேன்."

ஊர்ஹோ என்று ஒருவர், அரசியல் பேசியே ஆளைக் கொல்லுவார். அவர்கூட இதற்குச் சிரிப்பார். எனக்கு இதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன்.

முதலில் பொதுவான கேள்விகள்தான் வந்தன. பிறகு எங்கள் குழுவுக்கு மட்டும் நானே கேள்வி எழுத ஆரம்பித்தேன். அதற்கு எனக்கு அனுமதி உண்டு. நம்மில் யார் கொஞ்சம் குறைவாகப் பேசலாம்? ஊர்ஹோவுக்குத்தான் அதிகம் விழுந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஊர்ஹோ மாதிரி தடித்த தோல்காரரிடம் என்ன கருத்தைத் திரட்டுவது? அதனால் முடிவை வெளியிடும்போது பெயரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். ஊர்ஹோ இருந்த இடத்தில் அஹ்தி.

அதற்கு மட்டும் எனக்கு அனுமதி இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் அஹ்தி வந்தார், அடுப்பை மூட்டினார், பேசாமல் உட்கார்ந்திருந்தார். "என்னாச்சு? ஹாரன் ரிப்பேரா?" என்றாள் கைசு.

"பயணிங்க கேட்டுக்கிட்டதுதானே," என்று புன்னகைத்தார் அஹ்தி.

கைசுவின் முகம் வாடியது. அவள் அவர் பெயரைத் தட்டவில்லை. ஆனால் மற்றவர்கள் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள். இதை அறிக்கையில் தனியாக எழுதித் தர வேண்டும் என்று அப்போதே தோன்றியது. இந்த விளையாட்டில் யாரும் முடிவைச் சந்தேகிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

அந்த வாரம் அஹ்தியைக் காபிக்கு அழைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மற்றவர்கள் மாதிரி பரவாயில்லை என்று சொல்லவில்லை. "சாயங்காலம் போன் அதிர்ந்தா எடுக்கவே பயமா இருக்கு, மிர்வா. சறுக்குற ரோட்டுல, வண்டி நிறைய ஆளு, பிரேக் பிடிக்கலை... அப்படி." யொவாகிம் இதைக் கூட்டத்தில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். "பார்த்தீங்களா? இதுதான் உசுருள்ள பேச்சு!" என் வேலையை யாரும் அதுவரை வாசித்துக் காட்டியதில்லை.

அதனால் தொடர்ந்தேன். நம்மில் யார் வராவிட்டால் சௌனா அமைதியாக இருக்கும்? அஹ்தி. நம்மில் யாரை இரக்கத்துக்காகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்? அஹ்தி. அவர் கடைசிப் பலகைக்கு இறங்கிவிட்டார், கதவோரம். தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட மற்றவர்களிடம் அனுமதி கேட்டார்.

பிறகு ஒன்று கேட்டேன். நம்மில் யாருடைய துக்கம் மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டது? பாதிப் பேர் பதிலே சொல்லவில்லை. 'இது என்ன கேள்வி? எழுதினவனுக்கு மனசே இல்லையா?' என்று கைசு குறிப்பு அனுப்பினாள். கேள்வியின் வாசகம் தெளிவாக இல்லை என ஒருவர் கருதுகிறார் என்று அதைப் பதிந்துகொண்டேன். மாலையில் வழக்கம்போல முடிவை வெளியிட்டேன்.

அதன்பின் அஹ்தி வரவில்லை. ஆனால் குளிருக்குப் பழகிவிட்ட உடம்பு, சும்மா இருக்குமா? ஏரிப் படகுத்துறைக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத கரையில், தனியாகக் குழி வெட்டி இறங்கியிருக்கிறார். தனியாக இறங்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் முதல் விதி. அதை எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நாயோடு நடந்துபோன ஒரு பெண் பார்த்தபோது பனி விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாராம். கத்தவில்லையாம். ஏன் கத்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் வேலைக்குள் வராது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதே பன்தான் கொண்டுபோனேன். விரல்களில் கட்டுப் போட்டிருந்ததால் நானே பிய்த்து ஊட்டினேன். அவருக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம்.

"நீயும் வந்தியே," என்றார். "கைசுவும் வந்தா. 'நான் உங்க பேரைத் தட்டவே இல்லை'ன்னு அழுதா. பாவம், நல்ல பொண்ணு. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க? இத்தனை வருஷம் சிரிச்ச முகத்தோட என்னைச் சகிச்சிருக்காங்க. அதுதான் எனக்குத் தாங்கலை."

"விளையாட்டில் எதையாவது மாற்ற வேண்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், வேண்டாம். நேர்ல சொல்ல முடியாததைச் சொல்றதுக்கு ஒரு வழி வேணும்ல? தெரிஞ்சது நல்லதுதான்."

முடிவுகளின் மீது முழு நம்பிக்கை. இதைவிட ஒரு விளையாட்டுக்கு என்ன பாராட்டு வேண்டும்? இதை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்பது எங்கள் வழக்கமான கடைசிக் கேள்வி. அதையும் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கு அப்படி யாரும் இல்லையேம்மா," என்றார். அதை 'மாட்டேன்' என்று பதியவில்லை, 'பொருந்தாது' என்று பதிந்தேன். விளையாட்டுக்கு அநியாயம் செய்யக் கூடாது.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். யோசித்தேன். ஆனால் சொல்லியிருந்தால் அதுவரை அவர் கொடுத்த கருத்தெல்லாம் செல்லாமல் போயிருக்கும்.

இப்போது அவர் வடக்கே கெமி ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறார். இங்கே கைசு சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, நீ தட்டினாயா, நீ தட்டினாயா என்று கேட்டிருக்கிறாள். யாரும் தட்டவில்லை என்றார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை. "பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும்யா" என்று ஊர்ஹோவின் முகத்துக்கு நேரே யாரோ சொல்ல, அதோடு சங்கம் கலைந்தது. கைசு மட்டும், இத்தனை பேரும் பொய் சொல்வதைவிட விளையாட்டு பொய் சொல்வது எளிது என்று கண்டுபிடித்து உங்களுக்கு எழுதிவிட்டாள். கெட்டிக்காரி. மருந்தை அளந்து கொடுக்கிற கை.

ஏன் அஹ்தி என்று கேட்கிறீர்கள். தோல் மெல்லியவர், மனம் திறந்து பேசுகிறவர், அதனால்தான். வேறு காரணம் இல்லை. கம்பெனிக் கணினியில் ஒன்று கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாதென்று நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவுக்கு வந்த முதல் கேள்வி, நம்மில் யார் வராவிட்டால் மனசு வாடும் என்பது. எல்லோரும் அஹ்தியைத் தட்டியிருந்தார்கள். அஹ்தி மட்டும் கைசுவை. நானும் அஹ்தியைத்தான் தட்டினேன். என் பெயரை ஒருவரும் தட்டவில்லை, அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? முதல் நாள் கோளாறு என்று சொல்லி அந்த முடிவை நான் வெளியிடவில்லை. அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. வேலை வேறு, சொந்த விஷயம் வேறு.

இப்போதெல்லாம் நானே போய் அடுப்பை மூட்டிக்கொள்கிறேன். மேல் பலகை முழுக்க எனக்குத்தான். நேற்று அந்த முதல் கேள்வியை எங்கள் குழுவுக்கு மறுபடியும் அனுப்பினேன். குழுவை விட்டு எல்லோரும் போய்விட்டார்கள், நான் ஒருத்திதான் பாக்கி. தன் பெயரைத் தானே தட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, அதை எடுத்துவிட்டேன். மாலையில் முடிவு வந்தது. சத்தியமாக இந்த முறை நான் எதிலும் கை வைக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் சொல்லியிருந்தார்கள்.