இரண்டாவது குரல்

“அப்ப எங்கூடப் பாடினது யாருடா?”

காலையில் ஹவுராவிலிருந்து கொல்கத்தாவின் பாபுகாட் படித்துறைக்குப் போகும் படகில், முன்வரிசையில் இருந்தவன் இப்படிக் கேட்டான். மடியில் கிட்டார். பக்கத்தில் அவன் தம்பி. சுற்றிலும் இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இருவரும் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள்.

“அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. நீ பாட்டை ரெகார்ட் பண்றப்ப நான் கீழ டீ குடிச்சிட்டிருந்தேன். டீக்கடைக்காரரை வேணா கேளு.”

“நான் கண்ணை மூடிட்டுத்தானே பாடுவேன். நீ வந்து நின்னு சேந்து பாடுறேன்னு நெனச்சேன்.”

“நேத்து நாம பாத்த படத்துல பாதியில எந்திரிச்சுப் போனேன்ல? கியூபாலேர்ந்து அண்ணன் தம்பி அமெரிக்கா போய்ப் பாடுறாங்க. பேர் வர்றதுக்குள்ள தம்பி செத்துடுறான். அப்புறமும் அண்ணன் பாடுறப்பல்லாம் கூட ஒரு குரல் கேக்குது. அதுக்கு மேல என்னால உக்கார முடியல.”

“படத்துல அது செத்தவன் குரல். நீ இங்கதானடா இருக்க.”

தம்பி தண்ணீரை எட்டிப் பார்த்தான்.

“அந்தப் பாட்டை ஆடியோ கம்பெனிக்கு அனுப்பிடாதண்ணே.”

“அனுப்பிட்டேன். பதிலும் வந்துடுச்சு.”

“என்னன்னு?”

படகு கரையில் இடித்து நின்றது. அண்ணன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“நான் வேண்டாமாம். அந்த ரெண்டாவது குரலை மட்டும் நேர்ல வரச் சொல்றாங்க.”