முகம் பார்த்து நிறுத்திய டைம்கீப்பர் அக்காவுக்கு

மணி பார்த்துப் பேருந்துகளை அனுப்பியவரே! முகம் பார்த்து மனிதர்களை நிறுத்தியவரே! புகையும் புழுதியும் புகுந்து புரளும் பணிமனையின் கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பத்தொரு ஆண்டுகள் அமர்ந்து, கடமையில் கண்டிப்பும் கண்டிப்பில் கனிவும் காத்த எங்கள் டைம்கீப்பர் அக்காவே! பணி நிறைவு பெறும் தங்களை, ஊழியர்கள் நாங்கள் வணங்கி வாழ்த்துகிறோம்!

ஒரு நிமிடம் தாமதித்து வந்தவரைத் தங்கள் புருவமே பொசுக்கிவிடும். "பஸ் உனக்காக நிக்கும், பயணி நிப்பாரா?" என்று தாங்கள் கேட்டால் பதில் சொல்லத் துணிந்தவர் இல்லை. அந்தக் கண்டிப்பை எல்லோரும் அறிவோம்; அதன் அடியில் இருந்ததை அறிந்தவர் சிலரே. அவர்களுள் ஒருவன் என்பதால், ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநராகிய எனக்கு இம்மடலை எழுதும் பேற்றை நண்பர்கள் அளித்தனர். மேடையில் சொல்லத் தக்கதா என்று தயங்கினேன். "சொல்லு, யாருக்காவது உதவும்" என்று தாங்களே துணிவு தந்தீர்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், என் பேருந்தின் முன் விழுந்து ஒரு சைக்கிள்காரர் இறந்தார். என்மேல் பிழையில்லை என்றது விசாரணை. ஏற்கவில்லை என் நெஞ்சு. உணவு கசந்தது, உறக்கம் தொலைந்தது. நான் இல்லாவிட்டால் மனைவிக்கும் மகளுக்கும் நிம்மதி என்று நம்பத் தொடங்கினேன். ஒரு பிற்பகலில், பணி முடிந்து, அலமாரிச் சாவியைத் தங்கள் மேசைமேல் வைத்து, "போறேன்க்கா" என்றேன்.

பேனாவை மூடினீர்கள். "தினமும் 'வர்றேன்'னுதானே சொல்லுவே?"

கதவைச் சாத்திவிட்டு வந்து, என் எதிரே அமர்ந்து, குரல் நடுங்காமல் கேட்டீர்கள்: "தம்பி, செத்துடலாம்னு தோணுதா?"

அம்மம்மா! அனைவரும் சுற்றி வளைத்துப் பேசிய நாளில், அந்த ஒற்றைக் கேள்வியின் துணிவை என்னென்பது! தேம்பித் தேம்பி அழுதேன். "அப்படியெல்லாம் பேசாதே" என்று தாங்கள் என் வாயை அடைக்கவில்லை, அறிவுரையும் அடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வெளியே ஓட்டுநர்கள் கண்ணாடியைத் தட்ட, "கொஞ்சம் லேட்டானா உலகம் கவிழ்ந்துடாது!" என்று அதட்டினீர்கள். தங்கள் கைக்கடிகாரத்தின்கீழ் நான்கு பேருந்துகள் தாமதமாகப் புறப்பட்டது அன்று மட்டுமே!

என் மனைவியை வரவழைத்தீர்கள். மூவரும் ஒரே ஆட்டோவில் மருத்துவமனை சென்றோம். மனநல மருத்துவரின் அறை வாசலில் நான் பின்வாங்கினேன். "காய்ச்சல்னா வருவேல்ல? இதுவும் அப்படித்தான், வா" என்றீர்கள். பெஞ்சில் காத்திருந்தபோது மெல்லச் சொன்னீர்கள்: "முன்ன நம்ம மெக்கானிக் ஒருத்தர் முகம் வாடித் திரிஞ்சாரு. கேட்டா தப்பா நினைப்பாரோன்னு விட்டுட்டேன். அவரை இழந்துட்டோம். அதுக்கப்புறம் யாரையும் கேக்காம விட்டதில்ல."

மருந்தும் பேச்சுமாக எட்டு மாதங்கள். இடையில் இருமுறை அதே இருள் வந்தது. இருமுறையும் தங்களை அழைத்தேன், இருமுறையும் வந்தீர்கள். மீண்டும் நான் ஸ்டியரிங் பிடித்த காலையில், முதல் பயணியாக ஏறி, சீட்டு வாங்கி, முன்னிருக்கையில் அமர்ந்தீர்கள். கடைசி நிறுத்தம்வரை கூடவே வந்தீர்கள். இறங்கும்போது, "நல்லா ஓட்டுறே" என்றீர்கள்.

இம்மடலை எழுதுகிறேன் என்றறிந்து, ஒருவர்பின் ஒருவராக என்னிடம் வந்தனர் நால்வர்: இரு நடத்துநர்கள், ஸ்டோர் கீப்பர், வண்டி கழுவும் அம்மா. "என்னையும் கேட்டாங்க" என்றனர். ஐந்து குடும்பங்களின் விளக்கை அணையாமல் காத்துவிட்டு, அடுத்த வண்டிக்கு நேரம் எழுதிக்கொண்டிருந்தீர்களே, அக்கா! எவ்வளவு பெரிய மனம்!

உடல் நலமும் உள்ள நிறைவும் ஓங்க, உறவு சூழ நூறாண்டு வாழ்க! ஒன்று மட்டும் வேண்டுகிறோம். என்றேனும் தங்கள் மனமும் கனக்கலாம். அன்று, 'இவர்களுக்கு எதற்குத் தொல்லை' என்று எண்ணிவிடாதீர்கள். அழையுங்கள். நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். எந்த வண்டியையும் நிறுத்திவிட்டு வருவோம்.

என்றும் தங்கள் அன்பில்,
பணிமனை ஊழியர்கள்