குடைக்குள் நின்ற ரஷ்யன் சேஜ்

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பாவமில்லை என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், சுவாமி. ஆகவே இது பாவசங்கீர்த்தனத்தில் சேருமா என்பதே எனக்குச் சந்தேகம். முழந்தாளிட்டாயிற்று, சொல்லிவிடுகிறேன்.

அம்பிட்டியவில் என் பக்கத்து வீட்டு றீற்றாவை உங்களுக்குத் தெரியும். அவளுடைய மகன் கிஷான் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விதையில்தான் அந்த ரஷ்யன் சேஜ் முளைத்தது. வெள்ளி பூசினாற்போல இலை, ஊதாப் பூ. வறண்ட நிலத்துச் செடி. வேரில் ஈரம் நின்றால் செத்துப்போகும். கண்டி மழையில் அதை வளர்க்க றீற்றா மதிலோரம் சரளைக்கல்லும் மணலும் கொட்டி, பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையையும் நட்டு வைத்தாள். தூறல் விழுந்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து விரிப்பாள். கிஷானுக்குக்கூட அவள் அப்படிக் குடை பிடித்ததில்லை.

நம் கோயில் பங்கின் வீட்டுத்தோட்டப் போட்டியில் ஆறு வருடமாக என் அந்தூரியம்தான் முதலாவது. வென்ற வீட்டுப் பூதான் கோயில் திருநாளன்று பீடத்தில் நிற்கும். இந்த முறை பார்வையிட வந்த நீங்கள் என் அந்தூரியத்தின் முன் இரண்டு நிமிடம் நின்றீர்கள். றீற்றாவின் செடியில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டு பதினொரு நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அது கண்ணில் பட்டது. மடு மாதா கோயில் திருநாள் முடிந்தபின் மறுபடி பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னீர்கள். எனக்கு வயிறெரிந்தது.

மடுவில் ஒன்பது நாள் நவநாளுக்குப் புறப்பட்டபோது றீற்றா கேற்றைப் பூட்டி, திறப்பை என் கையில் வைத்தாள்.

"டீச்சர், தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. மழை வந்தா குடைய விரிச்சிருங்க, போதும்."

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன். மாதாவிட்டை எனக்காகவும் மன்றாடு" என்றேன்.

முதல் நாள் விரித்தேன். இரண்டாம் நாள் மழைக்குள் பூசைக்கு வரவேண்டியிருந்தது. என் குடையில் ஒரு கம்பி உடைந்திருந்தது. ஆகவே அந்தக் குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கோயிலுக்குத்தான், சுவாமி, சந்தைக்கு அல்ல. திரும்பிப் போனபோது செடி தொப்பலாக நனைந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. நனைந்ததுதான் நனைந்தது, நல்ல தண்ணீரிலாவது நனையட்டும் என்று நீங்கள் ஆசீர்வதித்துத் தந்திருந்த தீர்த்தத்தை ஊற்றினேன்.

என்னிடம் இருந்தது ஒரு சின்னப் போத்தல். தீர்த்தத்தில் பாதிக்குக் குறைவாகப் பச்சைத்தண்ணீர் சேர்த்தால் அத்தனையும் தீர்த்தம்தான் என்று எங்கள் அம்மா சொல்லுவா. அதன்படி கொஞ்சம் சேர்த்தேன். சேர்ந்ததோடு இன்னும் கொஞ்சம். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். ஒரு தடவைகூடப் பாதியைத் தாண்டவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று வாளி நிறைந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊற்றினேன், வாளிக்கு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம். ஏழாம் நாள் இலை கறுத்தது. ஒன்பதாம் நாள் தண்டு கையோடு வந்துவிட்டது. அதைத் திரும்பக் குத்தி வைத்து, குடையையும் நட்டு விரித்துவிட்டேன்.

றீற்றா மடுக் கோயிலில் அள்ளிய புனித மண்ணோடு வந்து இறங்கினாள். செடியைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டாள்.

"ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல டீச்சர். வந்து பாக்கிறப்பவும் குடை விரிச்சுத்தானே இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. அது உண்மையான அழுகை. பிறகு அவள் உள்ளே போய், கிளை வெட்டி வேர்பிடிக்க வைத்திருந்த சின்னச் சட்டி ஒன்றை எடுத்துவந்தாள்.

"மிச்சம் இது ஒண்ணுதான். ஒங்க கைராசியில வளர்த்துக் குடுங்க. அடுத்த வருஷம் போட்டிக்கு வைக்கலாம்."

அது இப்போது என் குசினி ஜன்னலில் இருக்கிறது. நேற்று மூன்று தளிர் விட்டிருக்கிறது. அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நீங்கள் எந்த அபராதம் கொடுத்தாலும் செய்கிறேன். ஓர் உதவி மட்டும், சுவாமி. போத்தலில் தீர்த்தம் முடிந்துவிட்டது. வெளியே வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஆசீர்வதித்துத் தந்தால் போதும்.