கழுவிய முகத்திரை

விளக்கைக் குறைக்காதே, ஹிலால். குறைத்தால் நான் வாயையே திறக்க மாட்டேன்... நடந்தது என் சிநேகிதன் ஸாபிரின் பெரியப்பா ஷஹாத்தாவுக்கு.

இரவு இஷா தொழுகை முடிந்த நேரம். கெய்ரோவின் செம்புக்கடைச் சந்தில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் சந்து முனை மாடியில், ஷஹாத்தாவின் மகள் பஹீஜாவின் கல்யாணத்தில். பெற்றவர் மட்டும் நழுவி வந்து கடையில் உட்கார்ந்திருந்தார். நம் பெண்களை வெள்ளைக்காரர்கள் வரைந்த நீர்வண்ணப் படங்களை, வெள்ளைக்காரர்களுக்கே விற்கிற கடை அது.

கண் மட்டும் தெரிய முகத்திரை போட்ட பெண்ணின் படம் ஒன்று விற்காமல் கிடந்தது. முகம் தெரிந்தால் காலையில் வாங்கிக்கொள்வதாக ஒரு சீமாட்டி சொல்லியிருந்தாள். நீர்வண்ணம்தானே, நனைத்துத் துடைத்தால் போய்விடும்!

படங்களுக்குச் சட்டம் போடும் யூனுஸ், கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவர், பதறிப்போனார்.

"வேணாம்ப்பா! அவ கடைசி வரைக்கும் திரைய எடுக்கலியாம். வரைஞ்சவனே முகத்தப் பாக்கல. அடியில ஒண்ணும் இருக்காது."

"இல்லாட்டி முகத்த நானே வரைஞ்சுக்கறேன். நீ போய் விருந்தப் பாரு, பயந்தாங்கொள்ளி!"

ஈரத்துணி... சளக்... சளக். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. குப்பென்று பச்சை மருதாணி வாசனை. அடியில் வெறும் தாள்.

மனசுக்குள் இருந்த முகம் மகள் முகம்தான். அதையே வரைந்தார். மூக்கு... கன்னம்... கீழுதட்டில் கடைசிக் கோடு.

மாடியில் குலவை சட்டென்று நின்றது.

அப்புறம் படிக்கட்டில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். மாப்பிள்ளை.

"மாமா... அவ முகத்திரைய எடுத்தேன்... மாமா..."

மாடியைக் கைகாட்டினான்.

ஷஹாத்தா ஓடினார். மருதாணிக் கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. திரைக்கு மேலே பஹீஜாவின் கண்கள். திரையை விலக்கினால்... நனைந்த தாள் மாதிரி, வெள்ளையாக, ஒன்றுமே இல்லை.

கடைக்குத் திரும்பி ஈரத்துணியை எடுத்தார். துடைத்தால் அந்த முகம் அவளிடமே திரும்பிப் போகுமா? இல்லை, இருக்கிற ஒன்றும் அழிந்துபோகுமா? துணியைக் கீழே போட்டுவிட்டார், பாவி மனுஷன்.

படத்துக்குக் கண்ணாடி போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். பஹீஜா சாகும்வரை திரையை எடுக்கவில்லை. எப்படிச் சாப்பிட்டாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவளை அடக்கம் செய்து ஆறு வருஷமாகிறது. ஸாபிர் இன்றைக்கும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறான். துடைத்தும் போவதில்லை... படத்தின் வாய்க்கு நேரே, உள்பக்கமாக மூச்சு படிகிறது.