ரத்தம் எடுக்கும் வரை

— நானூறு கிட்ட இருக்கணும்ண்ணே. திங்கக்கிழம எடுத்த உங்க ரத்தத்துல மெத்தடோன் அம்பதுதான் இருக்கு.

— கம்மின்னா நல்லதுதானே மிஸ்ஸி? எங்கம்மாவுக்கு இனிப்புநீர் கம்மியா இருந்தா டாக்டர் சிரிப்பாரு.

— இது சீனி இல்ல. நாங்க குடுக்குற மருந்து, உடம்புல நிக்கணும். நின்னாத்தான் பழைய போதைத்தூள் பக்கம் மனசு போவாது. வீட்டுக்குக் குடுத்தனுப்புன மூணு பாட்டில யாருக்கு வித்தீங்க, காளியப்பண்ணே?

— விக்கல.

— எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இனிமே வீட்டுக்குப் பாட்டில் கிடையாது. வாரம் ரெண்டு நாள் இல்ல, தினம் காலைல இங்க வந்து என் கண்ணு முன்னாடி குடிங்க.

— நீங்க கிளினிக் தொறக்கறதே எட்டு மணிக்கு. வேலைக்குப் போற பாசிர் கூடாங் பஸ்ஸு ஆறரைக்கே போயிரும் லா. வாரம் ரெண்டு நாளுன்னா லேட்டா வர விடுவாங்க, தினமும்னா விடமாட்டாங்க. போர்க்லிப்ட் வேல கெடச்சு நாலு மாசந்தான் ஆவுது. இதுவும் போச்சுன்னா, என் வீட்டுக்காரி வாசுகி பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு செடெனாக்குக்கு, அவங்க அப்பா வீட்டுக்குப் போயிரும்.

— விக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.

— இந்தாங்க.

— என்னது இது?

— மூணு பாட்டிலும்தான். நீங்க ஒட்டுன ஸ்டிக்கர்கூட கிழியல.

— வெள்ளி, சனி, ஞாயிறு... மூணு நாளும் குடிக்கலயா?

— ஒரு சொட்டு குடிக்கல. ஒடம்பெல்லாம் ஒதறுச்சு, வயித்தால போச்சு. வாசுகியே பயந்துபோயி, குடிச்சுத் தொலைங்கன்னு மூடியத் தொறக்க வந்துச்சு. நான் விடல. நர்ஸ் மிஸ்ஸி சொன்னா சொன்னதுதான்னேன். இருவது வருசத்துல நீங்க ஒருத்தர் பேச்சக் கேட்டது இதான் மொத தடவன்னு சொல்லிச்சு.

— நானா சொன்னேன்?

— போன வியாழக்கிழம போன்ல அனுப்புனீங்களே. படிங்க.

— 'திங்கள் காலை ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுக்கும் வரை மருந்து குடிக்க வேண்டாம்.' அண்ணே, அது திங்கக்கிழம மருந்து மட்டும். அத ரத்தம் எடுத்தப்புறம் குடிக்கணும்னு அர்த்தம்.

— திங்கக்கிழம மருந்து மட்டும்னு இதுல எங்க இருக்கு மிஸ்ஸி?

— இல்ல.

— அப்ப என் பாட்டிலு?

— உண்டு. கொஞ்சம் உக்காருங்க, டாக்டரப் பாத்துட்டு வந்துர்றேன்.

— எதுக்கு? என் விசயந்தான் முடிஞ்சிருச்சே.

— உங்களுக்கு முன்னாடி இன்னைக்கு ஆறு பேரு வந்தாங்கண்ணே. அவங்களுக்கும் இதே மெசேஜ்தான், இதே மாதிரி கம்மிதான். ஆறு பேரு பாட்டிலயும் நிறுத்திட்டேன். ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல, தலையாட்டிட்டுப் போயிட்டாங்க.